பகலில் தண்ணீர் குடிக்காதவர்

அடுத்த மாதம் முதல் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும், வீட்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு வகுப்பெடுக்கப் போகிற உங்கள் ஆறு பேருக்கும் என் அனுபவத்தை எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். அனுபவம் என்றால் பெரும்பாலும் ஜெயித்த கதைகளைத்தான் எழுதுகிறார்கள். என்னிடமும் அவை நிறைய உண்டு. படித்தால் உங்களுக்கு என்மேல் மரியாதை வரும், வேறொன்றும் வராது. அதனால் நான் கோட்டைவிட்ட கதை ஒன்றை எழுதுகிறேன்.

முதலில் என் வியாதியைச் சொல்லிவிடுகிறேன். நான் கெட்டிக்காரி. எதிரில் இருப்பவர் பாதி வாக்கியம் பேசுவதற்குள் மீதியை நானே முடித்துவிடுவேன். என் வீட்டுக்காரர் பேச்சையே குறைத்துக்கொண்டதற்கு இதுதான் காரணம் என்று என் மகள் சொல்வாள். இந்த வேலையில் சேர்ந்த புதிதில் இப்படி இருக்கவில்லை. வருஷம் ஏற ஏறத்தான் முற்றியது. உங்களுக்கும் வரும், எச்சரிக்கையாக இருங்கள்.

புதிதில் கோலியனூரில் ஒரு தாய்க்கு, கழுத்து நிற்காத பிள்ளையை நாற்காலியில் எப்படிச் சாய்த்து உட்கார வைத்துச் சோறு ஊட்டுவது என்று முக்கால் மணி நேரம் செய்து காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கிளம்பும்போதுதான், "எங்க வூட்ல நாற்காலி கெடையாதுங்களே" என்றாள். அவள் பிள்ளையை அவள் மடியிலேயே சாய்த்து, முட்டியை மடக்கி, அதையே நாற்காலியாக்கிக் காட்டிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து, வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் எதையும் சொல்லிக்கொடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஒரு பாடம் கற்றதும் எல்லாப் பாடமும் கற்றுவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

இனி தனலட்சுமிக்கு வருகிறேன்.

சனிக்கிழமைதோறும் திண்டிவனத்தில் நமக்கு ஒரு வகுப்பு உண்டு. பழைய ரேஷன் கடைக் கட்டடம், ஒரு கட்டில், இரண்டு தலையணை. பயிற்சிக்கென்று ஒரு பொம்மை கொடுத்திருந்தார்கள். முதல் வருஷமே அதன் கை கழன்றுவிட்டது. அதற்குப் பிறகு யாராவது ஒருவர் கட்டிலில் படுப்பார், இன்னொருவர் அவரைப் பார்த்துக்கொள்வார். படுப்பதற்குத்தான் எல்லோரும் கூச்சப்படுவார்கள். ஆனால் ஒருமுறை படுத்து எழுந்தவர்களுக்கு, மறுநாள் வீட்டில் நோயாளியைத் திருப்பும்போது கை கொஞ்சம் மெதுவாகும். அதனால் புதுப் பொம்மை வேண்டும் என்று நான் எழுதிக் கேட்கவே இல்லை.

தனலட்சுமி மயிலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருவாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவளுடைய மாமனார் கோவிந்தசாமி, மயிலம் கூட்டு ரோட்டில் மைக்செட் கடை வைத்திருந்தவர். சுற்றுவட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, திருவிழா எல்லாவற்றிலும் அவர் குரல்தான் முதலில் கேட்கும். பக்கவாதம் வந்து வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒன்றாகப் போய்விட்டன. மனைவி முன்பே இறந்துவிட்டார். மகன் சேகர் புதுச்சேரிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. விடிவதற்குள் கம்பெனி வேன் வந்துவிடும், திரும்ப சாயங்காலம் ஏழு மணி ஆகும். பகல் முழுக்க மாமனாரும் மருமகளும்தான். வகுப்பு நாளில் மட்டும் பக்கத்து வீட்டுப் பெண்ணை வாசலில் உட்கார வைத்துவிட்டு வருவாள்.

நாலைந்து வாரம் வந்த பிறகு ஒருநாள் அவளாகவே வந்து நின்றாள். மாமா தண்ணீர் குடிப்பதில்லை என்றாள். நான் வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். சோறு இறங்குகிறதா? தட்டை வைத்துவிட்டு வந்தால் இடது கையால் அவரே சாப்பிடுகிறார், அதுவும் கொஞ்சம்தான். தண்ணீரைப் பக்கத்தில் வைத்தால்? தொடுவதில்லை. நீ கொடுத்தால்?

"தண்ணி எடுத்துக்கினு கிட்ட போனாலே இருமுறாருங்க டீச்சர். தலைய வேற திருப்பிக்கிறாரு."

சோறு இறங்கும், தண்ணீர் இறங்காது, இருமல் வரும். பக்கவாதத்துக்குப் பின் விழுங்கும் தசை பலவீனமானால் இப்படித்தான் ஆகும், நம் புத்தகத்தில் அப்படியே எழுதியிருக்கிறது. தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விட்டால் ஆளையே கொண்டுபோய்விடும். எனக்குச் சந்தேகமே வரவில்லை. தண்ணீரைக் கஞ்சிப் பதத்துக்குக் கெட்டியாக்கி ஸ்பூனில் கொடுக்கச் சொன்னேன். டாக்டரிடம் காட்டும்படி ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தேன். "தண்ணீர் கொடுக்கும்போது இருமல். விழுங்குவதில் சிரமம்." கீழே கையெழுத்தும் போட்டேன்.

அவள் சொன்னது "கிட்ட போனாலே". நான் எழுதியது "கொடுக்கும்போது". அவள் வாக்கியத்தை நான் முடித்துவைத்தேன், வழக்கம்போல.

கெட்டிக் கஞ்சியையும் அவர் தொடவில்லை. இரண்டு வாரத்தில் காய்ச்சல், சிறுநீரில் எரிச்சல், ஆள் அடையாளம் தெரியாத குழப்பம். விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள். உடம்பில் தண்ணீரே இல்லை என்றார்களாம். டாக்டர் தண்ணீர் கொடுத்துப் பார்த்திருக்கிறார். வார்டு முழுக்க ஆள், பக்கத்தில் மருமகள். கோவிந்தசாமி வாயைத் திறக்கவில்லை. என் சீட்டைப் பார்த்ததும் டாக்டருக்கு விஷயம் முடிந்துவிட்டது. வீட்டுக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை வாருங்கள், மூக்கு வழியாக டியூப் போட்டுவிடலாம், இனிமேல் சாப்பாடு தண்ணீர் எல்லாம் அதில்தான் என்று அனுப்பிவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை தனலட்சுமி வகுப்புக்கு வந்தது டியூபில் எப்படி ஊற்றுவது என்று கற்றுக்கொள்ளத்தான். வந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"டியூப்ப புடுங்கிடாம இருக்க, இருக்கிற ஒரு கையையும் கட்டி வெக்கணும்னு நர்சம்மா சொன்னாங்க. வலிக்காம எப்பிடிக் கட்டறதுன்னு சொல்லிக்கொடுங்க டீச்சர்."

அதுவும் என் வேலை, நான் பலபேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மெத்தென்ற துணி, மணிக்கட்டில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி. முதலில் டியூப் பாடம் எடுத்துவிட்டுக் கடைசியில் அதைக் காட்டுகிறேன் என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டே போய் உட்கார்ந்தாள்.

அந்த வகுப்பில் ஒரே ஓர் ஆண் வருவார். ஏழுமலை என்று ஒரு மேஸ்திரி, ஐம்பத்தைந்து வயது இருக்கும். அவருடைய மனைவிக்கு முதுகுத் தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. கட்டட வேலைக்கு அரைநாள்தான் போவார், மீதி நேரம் மனைவியோடு. வகுப்பில் கதவோரம் உட்கார்ந்திருப்பார், வாயே திறக்க மாட்டார். இருபது பெண்களுக்கு நடுவில் அவர் எதைக் கேட்பார்? நானும் அவரைப் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை. கட்டிலில் படுக்க ஆள் கிடைக்காத நாளில் மட்டும், "மேஸ்திரி, வாங்க" என்று கூப்பிடுவேன். முணுமுணுக்காமல் வந்து படுப்பார்.

அன்றும் அவரைப் படுக்கச் சொன்னேன். டியூப் பாடம் தொடங்குமுன், விழுங்கும் சிரமத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று மற்றவர்களுக்குக் காட்ட நினைத்தேன். தனலட்சுமியிடம் ஒரு டம்ளரைக் கொடுத்து, "உங்க மாமா எப்படி இருமுவாரோ அதை மேஸ்திரிக்குச் சொல்லு. அவர் செஞ்சு காட்டட்டும், எல்லாரும் கவனிங்க" என்றேன்.

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். முதலில் ஒரு சின்ன இருமல். கொஞ்சம் விட்டு இன்னொன்று, இழுத்து, தொண்டைக்குள்ளேயே. பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். ஏழுமலை கேட்டுக்கொண்டார். அவள் டம்ளரோடு நாலு அடி தூரத்தில் வரும்போதே தொடங்கினார்.

பக்கவாதம் வந்த தொண்டையில் கரகரவென்று உடைந்து வந்த சத்தம், ஆரோக்கியமான ஒரு மேஸ்திரியின் தொண்டையில் கணீரென்று வந்தது. ஒரு சின்னக் கனைப்பு. பிறகு இழுத்து ஒரு செருமல்.

முன்வரிசையில் இரண்டு பெண்கள் சட்டென்று முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்கள். காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஒருத்தி காலை மடக்கிக்கொண்டாள். யாரும் யோசித்துச் செய்யவில்லை, உடம்பு தானாகச் செய்தது. செய்தபிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். தனலட்சுமி மட்டும் சிரிக்கவில்லை. டம்ளரைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் பிறந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டுக்கு மருமகள் வந்துவிட்டால் மாமனார் சத்தமில்லாமல் உள்ளே நுழைய மாட்டார். வாசலிலேயே ஒருமுறை தொண்டையைச் செருமுவார். நான் வருகிறேன், நீ எப்படி இருக்கிறாயோ சரிசெய்துகொள் என்று அர்த்தம். பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, நேரே நின்று பேசுவதில்லை, அந்தச் செருமல்தான் இருவருக்கும் நடுவில் இருக்கிற பேச்சு.

ஏழுமலை கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். வகுப்பில் அவராகப் பேசியது அன்றுதான்.

"டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. இது இருமல் இல்லீங்க. தெனம் எம் மருமவ இருக்கிற வூட்டுக்குள்ள போறப்ப நான் குடுக்கிற சத்தம் இது. அந்த மனுசன் கிட்ட வராதேன்னு சொல்றாரு."

தனலட்சுமி மெல்ல, "எங்க மாமா செருமல்தான்" என்றாள். ஏழு வருஷம் தினமும் கேட்ட சத்தம், நோய் வந்து உருமாறியதில் அவளுக்கே அடையாளம் தெரியாமல் போயிருக்கிறது. அதுவரை அவர் வெளியிலிருந்து வருவார், இவள் உள்ளே இருப்பாள். இப்போது அவர் உள்ளே படுத்திருக்க, இவள் வெளியிலிருந்து வருகிறாள். திசை மாறியதும் யாருக்கும் புரியவில்லை.

ஏன் வராதே என்கிறார்? ஏழுமலைதான் கேட்டார், தலையைக் குனிந்துகொண்டே. அவருக்கு ஒண்ணுக்கு வந்தால் யார் பார்ப்பது? சேகர்தான், காலையில் போவதற்கு முன் ஒருமுறை, சாயங்காலம் வந்த பிறகு. நடுவில்? நடுவில் மாமா போவதே இல்லை என்றாள் தனலட்சுமி. பிறகு கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஒரே ஒருவாட்டி துணி நனைஞ்சிபோச்சி. அவங்க வர்றதுக்கு ரொம்ப நேரம் இருந்திச்சி, ஈரத்தோட எப்பிடி வுட்டுட்டு இருக்கறதுன்னு நான்தான் மாத்தினேன். மாமா அழுதாரு. ஒடம்பு முடியாம அழுவுறாருன்னு நெனச்சிக்கினேன்."

அதற்குப் பிறகுதான் அவர் பகலில் தண்ணீரை நிறுத்தியிருக்கிறார்.

சாயங்காலம் குடிப்பாரா என்று நான் கேட்டேன். இத்தனை வாரத்தில் முதல்முறையாகக் கேட்கிறேன். தனலட்சுமிக்குக் கண் நிறைந்துவிட்டது. சேகர் வந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடிப்பாராம். இருமலே வராதாம். பெற்ற பிள்ளை கையால்தான் குடிப்பார், இவள் கை அவருக்கு ஆகாது என்று தெருவில் பேச்சாகிவிட்டிருக்கிறது. அதை என்னிடம் சொல்ல அவமானப்பட்டுக்கொண்டு மறைத்திருக்கிறாள். எட்டு மாதமாக அந்த மனிதரைப் பார்த்துக்கொண்டிருந்தவள், தன் கையை அவர் வெறுக்கிறார் என்று நினைத்துக்கொண்டே பார்த்திருக்கிறாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு சொல் தேடவில்லை, வெட்கம்தான். அந்த மனிதருக்குப் பேச்சில் மிஞ்சியிருந்தது அந்த ஒரு சத்தம். அதை நான் வியாதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதைவைத்து அவருடைய மூக்கில் குழாய் செருகி, மிச்சமிருக்கிற கையைக் கட்டப் போகிறார்கள்.

இப்போது நீங்கள் கவனிக்க வேண்டிய இடம். உண்மை தெரிந்துவிட்டது என்று துள்ளிக் குதித்திருந்தால் இரண்டாவது தப்பையும் செய்திருப்பேன். ஏழுமலை சொன்னது சரியாக இருக்கலாம். ஆனால் விழுங்குவதிலும் நிஜமாகவே சிரமம் இருந்தால்? டியூப் வேண்டாம் என்று நான் சொல்லி, தண்ணீர் நுரையீரலுக்குப் போனால்? ஓர் அவசரத்தை இன்னோர் அவசரத்தால் சரிசெய்ய முடியாது. வகுப்பைப் பாதியில் முடித்தேன். தனலட்சுமியிடம், இன்று சாயங்காலம் உன் வீட்டுக்கு வருகிறேன், சேகர் தண்ணீர் கொடுப்பதை நான் என் கண்ணால் பார்க்க வேண்டும் என்றேன்.

ஏழு மணிக்குச் சேகர் வேனிலிருந்து இறங்கினான். தனலட்சுமி அடுப்படிக்குப் போய்விட்டாள், நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவன் அப்பாவை நிமிர்த்தி உட்கார வைத்து முதலில் சிறுநீர்ப் பாட்டிலைப் பிடித்தான். பிறகு கை கழுவிக்கொண்டு வந்து சொம்பைக் கொடுத்தான். கோவிந்தசாமி இடது கையால் சொம்பை வாங்கி நிறுத்தாமல் குடித்தார். இருமல் இல்லை, கமறல் இல்லை. குடித்து முடித்து ஏதோ சத்தம் கொடுத்தார், அதிலும், தண்ணீர் தொண்டையில் தங்கினால் வருகிற நனைந்த கரகரப்பு இல்லை. நாள் முழுக்கத் தாகத்தோடு கிடந்த ஒருவர் தண்ணீர் குடிப்பதைப் பார்ப்பது எனக்கு அவ்வளவு லேசாக இருக்கவில்லை.

சேகரைத் தெருவுக்கு அழைத்துப்போய் விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் பார்த்தபோது அவன் கம்பெனியில் இருந்திருக்கிறான், படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டானாம். அவன் வேலையை விட்டுவிடட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். உடனே ஒரு யோசனை சொல்ல என் நாக்கு துடித்தது. ஆண் உதவியாளர், டயபர், என்னென்னவோ. கஷ்டப்பட்டு வாயை மூடிக்கொண்டு, ஏழுமலைக்குப் போன் போட்டேன்.

அவர் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார். மனைவியை மருமகள் பார்த்துக்கொள்வாளாம். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"நீங்க வராதீங்க டீச்சர். பொம்பளைங்க யாரும் உள்ள இருக்க வேணாம்."

முப்பது வருஷ சர்வீஸில் என்னை வராதே என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல்முறை. போகவில்லை. அங்கே நடந்ததைப் பிறகு சேகர்தான் சொன்னான். ஏழுமலை ஒரு மணி நேரம் கோவிந்தசாமியோடு தனியாக இருந்திருக்கிறார். கட்டிலின் இடதுபக்கச் சட்டத்தில், கை எட்டுகிற உயரத்தில் இரண்டு கொக்கி அடித்திருக்கிறார். ஒன்றில் காலிப் பாட்டில், இன்னொன்று அவர் உபயோகித்த பிறகு மாட்ட. இடது கையால் எடுப்பதும், பிடிப்பதும், மூடியைத் திருகுவதும், மாட்டுவதும்தான் பாடம். வேட்டியை எடுத்துவிட்டு, ஒற்றைக் கையால் ஒதுக்கத் தோதாக லுங்கி. கட்டிலைச் சுற்றி ஒரு கம்பி கட்டித் திரைச்சீலை. மருமகள் அந்தப் பாட்டிலைத் தொடவே தேவையில்லை, சாயங்காலம் சேகர் வந்து கழுவி வைப்பான். ஒரு பாட்டில் பகலுக்குப் போதாது, இரண்டு வேண்டும் என்று கண்டுபிடித்ததும் ஏழுமலைதான். என் புத்தகத்தில் ஒன்றுதான் போட்டிருந்தது.

திங்கட்கிழமை அவர்களோடு நானும் விழுப்புரம் போனேன். ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும்போது, டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் பலவிதமாக ஒத்திகை பார்த்தேன். சுற்றிவளைத்தால் என் மரியாதை தப்பிக்கும், ஆனால் விஷயம் போய்ச் சேராது. கடைசியில், "டாக்டர், அந்தச் சீட்டு நான் எழுதினது. தப்பா எழுதிட்டேன்" என்று ஆரம்பித்தேன். அவருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எங்கள் எல்லோரையும் வெளியே அனுப்பி, சேகரை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு, திரையை இழுத்துவிட்டுத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார். வெளியே வந்தபோது அவர் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது. டியூபை ஒரு வாரம் தள்ளிப்போடுவோம், எந்த நேரத்தில் எவ்வளவு குடிக்கிறார் என்று எழுதி வாருங்கள், காய்ச்சல் வந்தால் உடனே வந்துவிடுங்கள் என்றார்.

உங்கள் பையில் இருக்கிற தண்ணீர்ச் சீட்டில், டம்ளர் படங்களுக்குப் பக்கத்தில் மணி எழுதுவதற்கு ஒரு கட்டம் இருக்கிறதே, அது அப்படி வந்ததுதான். அதற்கு முன் நாங்கள் டம்ளரை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தோம்.

அந்த வாரம் முழுக்கத் தனலட்சுமி தினமும் மத்தியானம் எனக்குச் சீட்டைப் படம் எடுத்து அனுப்புவாள். முதல் இரண்டு நாள் பகல் கட்டங்கள் காலியாகவே இருந்தன. அவர் பழகவில்லை, வெட்கம் போகவில்லை. எனக்குப் போனைத் திறக்கவே பயமாக இருந்தது. நான் டாக்டரிடம் வாங்கிக் கொடுத்த ஒரு வாரத்தில் இரண்டு நாள் போய்விட்டது. மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு நேராக ஒரே ஒரு டம்ளரைக் கலர் பென்சிலால் தீட்டியிருந்தாள். பாதிதான் தீட்டியிருந்தாள், அவர் பாதிதான் குடித்திருப்பார் போலும். அந்தப் பாதி டம்ளரை நான் வீட்டில் எல்லோரிடமும் காட்டினேன். வாரக் கடைசியில் பகலில் நான்கு டம்ளர் ஆயிற்று. டியூப் பேச்சு அதோடு நின்றது.

ஏழுமலையை அதற்குப் பிறகு நான் கதவோரம் உட்கார விடவில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஆண்களுக்கு மட்டும் வகுப்பு வைத்தோம், அவர்தான் எடுத்தார். முதல் மாதம் மூன்று பேர் வந்தார்கள். இப்போது எத்தனை பேர் என்று நீங்களே போய்ப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. ஒரு மாதம் கழித்து, மயிலத்தில் வேறு வேலையாகப் போனபோது, நடுமத்தியானத்தில் தனலட்சுமி வீட்டில் நுழைந்தேன். சொல்லிக்கொள்ளாமல்தான் போனேன், அதுதானே என் வழக்கம். அவள் கையில் டம்ளரோடு அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்து, விரலை உதட்டில் வைத்தாள். உள்ளே திரை மூடியிருந்தது. ஒரு செருமல் கேட்டது, பழையபடி கரகரவென்று உடைந்த செருமல்தான். அவள் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் கொக்கியில் பாட்டில் மாட்டுகிற சத்தம். பிறகு இரண்டாவது செருமல், இழுத்து. உடனே திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். இந்த ஏற்பாட்டை யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எப்போது, எப்படிப் பேசி முடிவு செய்தீர்கள் என்று பிறகு கேட்டேன்.

"எங்க பேசினோம்? அவரு செருமினாரு, நான் நின்னேன். அவ்ளோதான்."

விலகிய திரை வழியாக அவரைப் பார்த்தேன். மருமகள் முகத்தை வேறுபக்கம் வைத்துக்கொண்டு டம்ளரை நீட்டினாள். அவர் அவள் கையிலிருந்து வாங்கி, முழுசாகக் குடித்துவிட்டு, டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ரொம்ப நாள் பழகியவள்போல, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டபடி நேராக உள்ளே காலை வைத்தேன்.

கோவிந்தசாமி என்னைப் பார்த்தார். லுங்கி முட்டிக்கு மேலே ஏறியிருந்தது. இடது கையால் அதை இழுத்துவிடத் தடவினார், எட்டவில்லை. என்னைப் பார்த்தபடியே தொண்டையைச் செருமினார்.

நான் வெளியே வந்து நின்றுகொண்டேன். இரண்டாவது செருமல் கேட்ட பிறகுதான் உள்ளே போனேன்.